'பாஸ்வேர்ட் இல்லாமல்' என்றால் என்ன அர்த்தம்? ஒரு வார்த்தை படுத்திய பாடு!

ஈரோடு மாவட்டம் சென்னிமலை என்றதும், மலைமேல் இருக்கும் முருகனும் கைத்தறிப் போர்வையும்தான் நினைவுக்கு வரும். ஜக்கார்டு தறியில் போர்வைக்குப் பூ விழவைப்பது, மேலே தொங்கும் அட்டை. அதில் ஓட்டை இருந்தால் அந்தப் பாவு நூல் எழும், இல்லாவிட்டால் எழாது. இரண்டுக்கும் நடுவில் குழப்பமே கிடையாது. பிரான்ஸின் ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-ல் உருவாக்கிய இந்த முறைதான், பிற்காலத்தில் கம்ப்யூட்டரின் துளை அட்டைகளுக்கும் முன்னோடி.

இன்றைக்கும் கம்ப்யூட்டருக்குக் குழப்பம் இல்லை. செட்டிங்ஸைப் படிக்கும் மனிதர்களுக்குத்தான் குழப்பம்!

'ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச்' என்பது, தொலைவில் உள்ள சர்வரைப் பாதுகாப்பாக இயக்க உதவும் மென்பொருள். முழு அதிகாரம் படைத்த 'ரூட்' பயனரை எப்படி உள்ளே அனுமதிப்பது என்பதற்கு அதில் ஒரு செட்டிங் உண்டு. அதற்குத் தரக்கூடிய விடைகளில் ஒன்று, 'வித்தவுட் பாஸ்வேர்ட்'. படித்ததும் என்ன தோன்றும்? 'பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே போகலாம்' என்றுதானே? உண்மையில் அதன் பொருள், 'பாஸ்வேர்ட் செல்லாது. டிஜிட்டல் சாவி போன்ற வேறு வழியில்தான் நுழைய முடியும்' என்பது. பூட்டை இறுக்கும் வசதிக்கு, கதவைத் திறந்துபோட்டது போல ஒரு பெயர்!

2015 ஆகஸ்ட்டில் வந்த 7.0 பதிப்பில் இதற்கு 'ப்ரொஹிபிட் பாஸ்வேர்ட்' என்ற பெயரும் சேர்க்கப்பட்டது. அதாவது, 'பாஸ்வேர்டுக்குத் தடை'. வேலை அதேதான், பெயர்தான் புதிது. பழைய பெயரை எழுதி வைத்திருந்தவர்கள் சிரமப்படாமல் இருக்க, அதுவும் தொடர்ந்து ஏற்கப்பட்டது.

செட்டிங்ஸுக்கு விளக்கம் எழுதுபவர்கள் இதிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

* 'அறிவிப்பை நிறுத்தாதே: ஆஃப்' என்று இரட்டை எதிர்மறை வேண்டாம். 'அறிவிப்பு வரட்டும்: ஆன்' என்றால் எல்லோருக்கும் புரியும்.

* 'காத்திருக்கும் நேரம்: 30' என்று எழுதினால் போதாது. நொடியா, நிமிடமா என்பதையும் சொல்ல வேண்டும்.

* ஆன் செய்தால் எது போகும் என்பதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் மறையும் மெசேஜ் வசதிக்கு 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என மூன்று கெடு உண்டு. போர்வையின் அளவையும் நிறத்தையும் ஆர்டராக அனுப்பும் சாட்டில், தெரியாமல் 24 மணி நேரத்தைத் தட்டிவிட்டால்? மறுநாள் தறியில் உட்காரும்போது, கணக்குப் பார்க்க மெசேஜ் இருக்காது. நூலும் கூலியும் வீணாகலாம்.

எழுதியது சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அந்த மென்பொருளைத் தொட்டே பார்க்காத ஒருவரிடம் விளக்கத்தைப் படிக்கக் கொடுக்க வேண்டும். "ஏனுங்க, இதை அமுக்குனா என்ன ஆகுமுங்க?" என்று அவர் திரும்பக் கேட்டால், அந்த வரியை மாற்றி எழுத வேண்டும் என்று அர்த்தம்!