செவிலியின் முதல் வார்டு எது?

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்தில் சஞ்சீவிராயர் கோயில் இருக்கிறது. சஞ்சீவி மூலிகை எதுவென்று அடையாளம் தெரியாமல் அனுமன் மலையையே பெயர்த்து வந்த கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நான்கு ஆண்டுகள் பி.எஸ்ஸி. நர்சிங் படித்து முடித்து வேலைக்கு வரும் செவிலிக்கும் ஏறத்தாழ இதே சங்கடம்தான். படித்த பாடம் மலையளவு இருக்கிறது. ஆனால் இந்த நோயாளிக்கு இந்த நிமிடத்தில் எது முக்கியம் என்று காணும் கண் இனிமேல்தான் வரவேண்டும். அதை எந்த வார்டு கொடுக்கும்?

பலருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவின்மேல் ஆசை. அங்கே கருவிகள் அதிகம். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை எடுத்துக்கொள்வோம். இதன் தத்துவத்தை 1974-இல் வெளியிட்டவர் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி. ஆக்சிஜன் ஏறிய இரத்தம் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் அகச்சிவப்பு ஒளியை அதிகமாகவும் உட்கவரும். ஆக்சிஜன் இழந்த இரத்தம் இதற்கு நேர்மாறானது. விரலைக் கடந்து வரும் இரு ஒளிகளையும் ஒப்பிட்டு, இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும் அளவைக் கருவி சொல்கிறது.

98 காட்டிய கருவி திடீரென்று 82 காட்டினால்? நோயாளிக்கு உண்மையிலேயே மூச்சு முட்டுகிறதா? விரல் சில்லிட்டிருக்கிறதா? கருவி நழுவிவிட்டதா? எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. நோயாளியைப் பார்க்க வேண்டும். மூச்சை எண்ண வேண்டும். நாடி பிடிக்க வேண்டும்.

பலவகை நோயாளிகள் இருக்கும் பொது வார்டில் இந்தப் பழக்கம் நாள்தோறும் கைவருகிறது. ஒரு கணக்குப் போடுங்கள். 20 துளி 1 மில்லி லிட்டர் என்றால், 500 மில்லி லிட்டர் சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற நிமிடத்திற்கு எத்தனை துளி? 10,000-ஐ 240-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 42. கணக்கு எளிது. ஆனால் துளி ஏன் நின்றது? கை மடங்கியதா? புட்டி தாழ்ந்து அழுத்தம் குறைந்ததா? ஊசி சிரையைவிட்டு விலகிக் கை வீங்குகிறதா? இதைக் கட்டிலருகே நின்றுதான் கற்க முடியும்.

அப்படியானால் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேரவே கூடாதா? அப்படியல்ல. அமெரிக்கச் செவிலியர் கல்வியாளர் பாட்ரிசியா பென்னர் 1984-இல் வெளியிட்ட நூலில், புதியவர் முதல் வல்லுநர் வரை ஐந்து படிகளைக் காட்டினார். அனுபவசாலியும் பழக்கமில்லாத பிரிவுக்குப் போனால் மீண்டும் முதற்படியில் நிற்கக்கூடும் என்றார். ஆகவே எந்தப் பிரிவானாலும் சேரும்முன் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: "முதல் சில மாதங்கள் என் அருகில் நின்று சொல்லித்தருபவர் யார்? இரவுப் பணியில் சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடலாம்?" இதற்குத் தெளிவான பதில் கிடைத்தால் தீவிர சிகிச்சைப் பிரிவும் நல்ல பள்ளிக்கூடமே. கிடைக்காவிட்டால் சிறிய வார்டிலும் ஆபத்து உண்டு. அந்த ஆபத்து நோயாளியின் உயிருக்கு!

உங்கள் தெருவில் நர்சிங் முடித்த அக்கா இருந்தால் இந்தக் கேள்வியை அவரிடம் சொல்லுங்கள். நீங்களும் இன்றே தொடங்கலாம். தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். அவனை ஓடவிட்டு மறுபடியும் எண்ணுங்கள்.