பாதியில் நிற்கும் போர்வை

கர்த்தருக்குள் பிரியமான ஆதரவாளர்களே,



வார்டுகளில் படுத்திருக்கும் நோயாளிகளுக்காகத் துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைத்துத் தர விரும்பும் சகோதரிகள் நம் சபைகளில் பலர் உண்டு. தையல் கடையில் வெட்டுத் துண்டுகளைக் கேட்டு வாங்குகிறார்கள், பழைய பருத்திச் சேலைகளைத் தேடி எடுக்கிறார்கள், ஜெபித்துத் தொடங்குகிறார்கள். இரண்டு மூன்று மாதங்கள் சென்றபின் அந்தத் துணி மூட்டை பீரோவின் மேல் ஏறிவிடுகிறது. அவர்களுடைய அன்பில் குறைவில்லை. இவ்வளவு பெரிய வேலையை எப்படிப் பகுத்துக்கொள்வது, நடுவில் வரும் சோர்வை எப்படித் தாண்டுவது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பாதிப் போர்வை எந்த நோயாளியையும் மூடாது. ஆகவே இம்மடலில் அதைக் குறித்துச் சில காரியங்களை எழுதுகிறோம்.

வேலை எவ்வளவு?

ஒரு கட்டிலுக்குப் போதுமான போர்வை 5 அடி அகலமும் ஆறரை அடி நீளமும் இருக்கவேண்டும். அதை 6 அங்குலச் சதுரங்களால் செய்தால் அகலத்தில் 10, நீளத்தில் 13 என்று மொத்தம் 130 சதுரங்கள் வேண்டும். சுற்றிலும் தையலுக்குக் கால் அங்குலம் விடவேண்டியிருப்பதால் ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலமாக வெட்டுகிறோம். சதுரங்களை வரிசையாகவும், வரிசைகளை ஒன்றோடொன்றாகவும் இணைத்து முடிக்கும்போது தையலின் நீளம் ஏறக்குறைய 120 அடியைத் தாண்டும்.

இது மேல்துணி மட்டுமே. அதன் கீழே ஒரு நடுத்துணி, அதற்கும் கீழே லைனிங் துணி. மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்து, நகராதபடி சேர்த்துத் தைத்து, நான்கு ஓரங்களையும் மடித்து அடிக்கவேண்டும்.

இந்த வேலையில் சோர்வு பெரும்பாலும் இரண்டு இடங்களில் வரும். நிறங்களைத் தேர்ந்தெடுக்கும் சந்தோஷம் முடிந்து, ஒரே மாதிரிச் சதுரங்கள் திரும்பத் திரும்ப வரும் இடம் ஒன்று. மேல்துணி முழுவதும் இணைந்தபின், "முடிந்தது" என்று மனம் சொல்ல, பாரமான மூன்றடுக்கு வேலை இன்னும் மீதியிருக்கும் இடம் மற்றொன்று. மேல்துணியோடு நின்றுபோன போர்வைகள் உலகமெங்கும் பெட்டிகளில் கிடக்கின்றன. சோர்வு எங்கே வரும் என்று முன்னமே அறிந்திருந்தால், அது வரும்போது நாம் கலங்கமாட்டோம்.

கப்பலில் முடிந்த போர்வை

இங்கிலாந்தில் எலிசபெத் ஃப்ரை அம்மையார் என்ற குவேக்கர் சபைப் பெண்மணி இருந்தார். 1813-இல் இலண்டன் நியூகேட் சிறைக்குச் சென்று, அங்கே பெண் கைதிகள் பட்ட பாட்டைக் கண்டது முதல் அவர்களுக்காக உழைத்தார். அந்நாள்களில் தண்டனை பெற்ற பெண்களைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியப் பகுதிகளுக்கு அனுப்பிவந்தார்கள். அவருடைய சங்கத்துப் பெண்கள் அந்தக் கைதிகளுக்கு ஊசி, நூல், கத்தரிக்கோல், விரலுறை, துண்டுத் துணிகள் ஆகியவற்றைப் பையில் வைத்துக் கொடுத்தார்கள். நெடும்பயணத்தில் கை சும்மா இராதிருக்கவும், இறங்கும் இடத்தில் ஒரு தொழில் கையில் இருக்கவும் இது உதவும் என்பது அவர்கள் எண்ணம்.

1841 ஏப்ரல் 5-இல் 'ராஜா' என்ற கப்பல் 180 பெண் கைதிகளோடு புறப்பட்டது. கெசையா ஹேய்ட்டர் என்ற இளம்பெண் அவர்களுக்கு மேற்பார்வையாளராக உடன் சென்றார். ஜூலை 19-இல் இன்று டாஸ்மேனியா என்று அழைக்கப்படும் தீவின் ஹோபார்ட் துறைமுகத்தைக் கப்பல் அடைந்தது. 105 நாள் பயணம். அதற்குள் அப்பெண்களில் ஒரு பகுதியார் 2,815 துண்டுகளைக் கொண்ட ஒரு பெரிய போர்வையைத் தைத்து முடித்திருந்தார்கள். அதன் ஒவ்வொரு பக்கமும் பத்தரை அடிக்கு மேல்! நுட்பமான தையலும் பழகாத கையின் தையலும் அதில் அருகருகே இருக்கின்றன. இப்போர்வை 1987-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் கண்டுபிடிக்கப்பட்டு, 1989-இல் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பியது. கான்பெராவிலுள்ள தேசியக் கலைக்கூடம் அதைப் பாதுகாத்துவருகிறது.

ஆடும் கப்பல், குறைந்த வெளிச்சம், நாடு கடத்தப்பட்ட துயரம். இவற்றின் நடுவே அவர்கள் எப்படி முடித்தார்கள்? போர்வையின் அமைப்பைப் பார்த்தால் ஓரளவு விளங்கும். நடுவில் பூக்களும் பறவைகளும் உள்ள ஒரு சதுரம். அதைச் சுற்றி ஒரு சட்டம். அதைச் சுற்றி இன்னொரு சட்டம் என்று அது வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு சட்டமும் முடிந்தபோது ஒரு முழுமையான வேலை முடிந்தது. மேலும், அது யாருக்கு என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. துணியும் ஊசியும் கொடுத்த அந்தச் சங்கத்துப் பெண்களுக்கு நன்றிக் காணிக்கை என்று அதன் ஓரத்திலேயே எழுத்துத் தையல் போட்டிருக்கிறார்கள்.

சிறையில் தைத்த சதுரங்கள்

நூறாண்டு கழித்து இன்னொரு சிறையில் இதுபோன்ற வேலை நடந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. வெள்ளைக்காரக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்களும் பிள்ளைகளும் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார்கள். கணவன்மார் அவர்களிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்தார்கள். உயிரோடிருக்கிறார்களா என்பதுகூட அநேகருக்குத் தெரியவில்லை. கனடா நாட்டுப் பெண்மணியான எத்தல் மல்வானி ஒரு யோசனை சொன்னார். பெண்களுக்கு ஆளுக்கு ஒரு 6 அங்குலத் துணிச் சதுரம் கொடுக்கப்பட்டது. தன்னைப் பற்றிய ஏதாவது ஒன்றை அதில் தைத்து, பெயரும் போடவேண்டும். 66 சதுரங்கள் சேர்ந்தால் ஒரு போர்வை. இவ்விதம் மூன்று போர்வைகள் உருவாயின. காயப்பட்ட போர்வீரருக்கென்று சொல்லி அவற்றை அனுப்பினார்கள். ஒன்று பிரிட்டிஷ் வீரருக்கு, ஒன்று ஆஸ்திரேலிய வீரருக்கு, மற்றொன்று தங்களை அடைத்துவைத்திருந்த ஜப்பானியரின் வீரருக்கு. சத்துருவின் காயத்துக்கும் ஒரு போர்வை! பெயர்களைப் பார்க்கும் கணவன்மார் தங்கள் மனைவி உயிரோடிருப்பதை அறிந்துகொள்வார்கள் என்ற நம்பிக்கையும் அந்தத் தையலில் இருந்தது.

அதே சிறையில் எட்டு வயது முதல் பதினாறு வயது வரையுள்ள சிறுமிகள் இருபது பேர் தங்கள் சாரணியத் தலைவியின் பிறந்தநாளுக்கென்று ஒரு போர்வையை இரகசியமாகத் தைத்தார்கள். நூல் கிடைக்காதபோது பழைய உடைகளிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஒரு நாள், ஒரு ஆள், ஒரு சிறு துண்டு என்று அவர்களுக்கு எல்லாம் தெளிவாயிருந்தது. ஆகையால்தான் பசியின் நடுவிலும் பிள்ளைகளுக்கு அது கூடிற்று.

நெகேமியா செய்த ஏற்பாடு

வேதத்திலும் இதைக் காண்கிறோம். எருசலேமின் அலங்கம் பெரியது. ஆனால் நெகேமியா 3-ஆம் அதிகாரத்தை வாசித்தால், யாரும் முழு அலங்கத்தைக் கட்டவில்லை என்பது விளங்கும். இன்னார் இந்த வாசல் முதல் அந்தக் கோபுரம் வரை, இன்னார் தம் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதி என்று பெயர் பெயராக எழுதியிருக்கிறது. 4-ஆம் அதிகாரத்தில் அலங்கம் பாதி உயர்ந்தபோது ஜனங்கள் சோர்ந்துபோகிறார்கள்; இடிபாட்டு மண் இன்னும் இவ்வளவு இருக்கிறதே என்கிறார்கள். பயமுறுத்துகிற எதிரிகளும் சுற்றிலும் இருக்கிறார்கள். நெகேமியா அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. குடும்பம் குடும்பமாக நிறுத்தி, தேவனையும், அவர்களுடைய பிள்ளைகளையும் வீடுகளையும் நினைப்பூட்டுகிறார். 52 நாளில் அலங்கம் முடிந்தது.

கப்பலிலும் சிறையிலும் எருசலேமிலும் வேலையை முடித்தது வெறும் உற்சாகமல்ல. உற்சாகம் எங்கும் பாதியில் குறைந்துதான் போயிற்று. கையடக்கமான பங்கு, உடனிருக்கும் கூட்டாளிகள், யாருக்காக என்ற நினைவு ஆகிய இம்மூன்றுமே அவர்களை நடத்திச் சென்றன.

சகோதரிகளுக்குச் சில யோசனைகள்

1. முதல் சதுரத்தை வெட்டுமுன் போர்வை யாருக்கு என்று முடிவு செய்யுங்கள். "ஏழைகளுக்கு" என்பது போதாது. "பிள்ளைகள் வார்டில் ஒரு கட்டிலுக்கு" என்று சொன்னால், தைக்கும்போது அந்தக் கட்டில் கண்முன் நிற்கும். அதில் படுக்கப்போகிறவருக்காக ஜெபிக்கவும் முடியும்.

2. 130 சதுரங்களும் சேரும்வரை காத்திருக்கவேண்டாம். பத்துச் சதுரம் ஆனவுடன் ஒரு வரிசையாக இணைத்துவிடுங்கள். முடிந்த வரிசைகளை எல்லாரும் பார்க்கும்படி ஒரு கொடியில் தொங்கவிடுங்கள். 13 வரிசைகளில் ஆறு தொங்குவதைக் கண்டால் ஏழாவதைத் தைக்கக் கை வரும்.

3. விடுமுறை நாள் முழுவதும் தைக்கலாம் என்று ஒதுக்கிவைப்பதைவிட, தினமும் அரைமணி நேரம் மேல். எழுந்திருக்குமுன் ஊசியில் நூல் கோத்து, அடுத்த இரண்டு துண்டுகளைக் குண்டூசியால் சேர்த்து வைத்துவிடுங்கள். மறுநாள் தொடங்குவது எளிதாகும்.

4. தைக்க மனமில்லாத நாளில் வெட்டுங்கள், இஸ்திரி போடுங்கள், துணிகளை நிறவாரியாகப் பிரியுங்கள். வேலை மாறினாலும் போர்வை வளரும்.

5. வாரம் ஒருமுறை கூடித் தையுங்கள். ஒரு சகோதரிக்கு வீட்டில் நோய், துக்கம் என்று வந்தால் அவர் பங்கை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

6. பிடிப்பில்லாத தையலைப் பிரித்துத் திரும்பத் தைக்கவேண்டும். துவைக்கும்போது அது விட்டுப்போகும். ஆனால் நிறம் பொருந்தவில்லை, முனை சற்று விலகிற்று என்பதற்காகப் பிரிக்கவேண்டாம். பிரித்துப் பிரித்தே நின்றுபோன போர்வைகள் பல.

7. மூன்றடுக்கையும் நெருக்கமாகத் தைக்க இயலாவிட்டால், 4 முதல் 6 அங்குலத்துக்கு ஒரு முடிச்சாகக் கெட்டி நூலால் கட்டிவிடலாம். மேலைநாடுகளில் மென்னோனைட், லூத்தரன் சபைப் பெண்கள் நிவாரணத்துக்கென்று செய்யும் போர்வைகளில் பல இவ்விதம் முடிச்சிட்டவையே. இரண்டாம் சோர்வைத் தாண்ட இது நல்ல வழி.

ஆஸ்பத்திரிக்கென்றே சில குறிப்புகள்: பருத்தித் துணியே போதும், வெந்நீரில் அடிக்கடி துவைக்கவேண்டும். சாயம் போகிறதா என்று ஒவ்வொரு துணியையும் முதலில் நனைத்துப் பாருங்கள். நடுவில் பஞ்சுக்குப் பதிலாகப் பழைய பருத்திச் சேலை வைத்தால் சீக்கிரம் உலரும். குண்டூசிகளை எண்ணி எடுத்து, வேலை முடிந்ததும் எண்ணிப் பெட்டியில் போடுங்கள். ஒரு ஊசி போர்வைக்குள் தங்கிவிட்டால் நோயாளியின் உடம்பில் ஏறும்.

வார்டில் நாங்கள் காண்பது

இந்தச் சோர்வு தையலுக்கு மட்டும் உரியதல்ல. காசநோயாளிகளில் பெரும்பாலோர் 6 மாதம் மருந்து சாப்பிடவேண்டும். சில வாரங்களிலேயே இருமல் தணிகிறது, பசி எடுக்கிறது, எடை கூடுகிறது. "சுகமாகிவிட்டேன்" என்று மருந்தை நிறுத்துகிறவர்கள் உண்டு. மேல்துணி முடிந்ததும் போர்வை முடிந்தது என்று நினைப்பதைப் போன்றதே இது. ஆனால் இங்கே விளைவு கொடியது. மீதியிருக்கும் கிருமிகள் பெருகுகின்றன. அதே மருந்துக்கு அவை கட்டுப்படாமலும் போகலாம். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் பரவுகிறது.

அப்படிப்பட்டவரிடம் "ஆறு மாதம் பொறுத்துக்கொள்" என்று மட்டும் சொன்னால் அது மலையாகத் தெரியும். "இன்றைய மாத்திரையை இன்று சாப்பிடு, அட்டையில் குறித்துக்கொள், வருகிற வாரம் வா, பார்ப்போம்" என்றால் கூடும். பக்கத்தில் நின்று மாத்திரையைக் கொடுக்க ஒருவர் இருந்தால் இன்னும் கூடும். மடியிலிருக்கும் பிள்ளையைக் காட்டி, "இவளுக்காக" என்று சொன்னால் தாய் தலையசைக்கிறாள். தீக்காயத்தோடும் முதுகெலும்பு முறிவோடும் நெடுநாள் படுத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்லுகிறோம். இன்று எழுந்து உட்கார்ந்தால் போதும். நடப்பதை நாளை பேசுவோம்.

பிரியமானவர்களே, உங்கள் காணிக்கைகளும் இப்படிப்பட்ட சதுரங்களே. மாதந்தோறும் நீங்கள் அனுப்புவது ஒரு சிறு துண்டாக உங்களுக்குத் தோன்றலாம். இவ்வளவு தேவைக்கு முன் இது எம்மாத்திரம் என்று மனம் மடியலாம். ஆனால் ஒரு நோயாளியின் சிகிச்சை முதல் நாள் தொடங்கிக் கடைசி நாள் வரை அறுந்துபோகாமல் நடப்பது, நிற்காமல் வரும் அந்தச் சிறு பங்குகளாலேயே. பவுல் அப்போஸ்தலன் கலாத்திய சபைக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், நன்மை செய்கிறவர்களுக்கும் சோர்வு வரும் என்பதை அறிந்தே ஆறுதல் எழுதினார்; ஏற்றகாலத்து அறுவடையைக் காட்டினார்.

யோப்பாவில் தொற்காள் மரித்தபோது, அழுதுகொண்டு நின்ற விதவைகள் அவள் செய்து கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவுக்குக் காட்டினார்கள் என்று அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவையெல்லாம் முடித்துக் கொடுக்கப்பட்டவை. உங்கள் வீட்டு பீரோவின் மேல் ஒரு மூட்டை இருக்குமானால், இந்த வாரம் அதை இறக்கி, ஒரு வரிசையை மட்டும் முடியுங்கள். தொடங்கினவர்களுக்கு முடிக்கும் கிருபையையும் கர்த்தர் தருவாராக.

உங்கள் ஜெபங்களில் நோயாளிகளையும், மருத்துவர்களையும், நர்சுகளையும், எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஆயர்