கொடுத்தலும் விடுத்தலும்

ஆங்கிலம் பயிலும் நம் மாணாக்கருக்கு இடர் விளைப்பவை அம்மொழியின் அருஞ்சொற்கள் அல்ல, எளிய சொற்களே. அருஞ்சொல்லுக்கு அகராதி கைகொடுக்கும். 'கிவ்' என்பது 'கொடு', 'அப்' என்பது 'மேலே' என்று கற்ற சிறுவனோ, 'கிவ் அப்' என்பதைக் கண்டவிடத்து 'மேலே கொடு' என்று எழுதி நகைப்புக்கு இடமாகின்றான். பிழை அவனுடையதன்று. வினையின் பின் ஓர் இடைச்சொல் வந்து பொருளையே மாற்றிவிடும் இம்மரபு பிறமொழியாளருக்குப் பேரிடர் தருவதென்று சாமுவேல் ஜோன்சன் 1755 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே கூறியுள்ளார்.

இவ்வினை மிகப் பழையது. இங்கிலாந்திலே பீற்றர்பரோ என்னும் ஊரின் துறவிமடத்தில் எழுதப்பட்ட வரலாற்றேடொன்று இன்று ஒக்ஸ்போட் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. ஸ்தீபன் மன்னன் ஆண்ட காலத்தில் (1135–1154) நாடு உள்நாட்டுப் போராற் சீரழிந்த கதையை அதன் இறுதிப்பகுதி உரைக்கின்றது. மன்னன் செஸ்ரர்ப் பிரபு றனல்வைச் சிறைப்பிடித்தான். தன் கோட்டைகள் அனைத்தையும் ஒப்படைப்பதாகப் பிரபு புனிதப் பொருள்கள்மீது ஆணையிட்டுப் பிணையாளரையும் நிறுத்தியபின் அவனை விடுவித்தான். வெளியே வந்த பிரபு சில கோட்டைகளைக் கொடுத்தான், சிலவற்றைக் கொடுத்தானல்லன். இவ்விடத்தே, 'ஒப்படைத்தல்' என்னும் பொருளில், நம் வினை ஆளப்பட்டிருத்தலைக் காண்கின்றோம்.

அவ்வேட்டிலே 'கிவ்' என்பதன் முதலொலி ககரமன்று, யகரத்தை ஒத்தது. பழைய ஆங்கிலத்தின் இயல்பு அதுவே. வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்கந்திநேவியரின் பேச்சுக் கலப்பினால் இன்றைய ஒலி வந்ததென்பர் மொழிநூலார். கொடுத்தலைக் குறிக்குஞ் சொல்லே பிறரிடமிருந்து ஓரொலியைக் கொண்டது வியப்பன்றோ!

இனி, 'அப்' என்பது இங்கே உயரத்தைக் குறியாது, முற்றுப்பெறுதலைக் குறிக்கும். 'உண்' என்னும் வினையோடு அது சேரின் 'உண்டு தீர்' என்றாகும். தமிழிலும் 'உண்டுவிட்டான்' என்னுமிடத்து 'விடு' என்பது விடுதற்பொருளை இழந்து, வினை முடிந்தமையையே உணர்த்துகின்றது. எனவே, தன்னிடத்து எஞ்சாதவாறு கொடுத்தலே 'கிவ் அப்' என்பதன் அடிப்பொருள் எனலாம்.

கோட்டையிலிருந்து இவ்வினை மெல்ல மெல்ல உள்ளத்தினுள்ளும் புகுந்தது. 1611 ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் இயேசுநாதர் உயிர் நீத்தமை இவ்வினையாற் கூறப்படுகின்றது. இன்று புகைபிடித்தலை நிறுத்தியவனும், பேருந்தில் முதியவருக்கு இடமளித்தவனும், பொலிசாரிடம் சரணடைந்தவனும், ஓட்டப்பந்தயத்தில் இடையே நின்றவனும் செய்தது ஆங்கிலத்தில் ஒன்றே. தமிழிலோ கைவிடுதல், விட்டுக்கொடுத்தல், சரணடைதல், சோர்ந்து நின்றுவிடுதல் என அது பலவாய்ப் பிரியும். நோயாளியைப் பற்றி மருத்துவர் அவ்வாறு செய்தாராயின், 'கையை விரித்துவிட்டார்' என்போம். தோழனைப் பகைவரிடத்து ஒப்புவித்தவனைக் 'காட்டிக்கொடுத்தான்' என்போம்.

இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. ஒருமுறை வகுப்பிலே, தம்பியர் கற்றற்பொருட்டு மூத்தவன் தன் படிப்பை நிறுத்திய செய்தியைக் கூறும் ஆங்கில வாக்கியமொன்றை மொழிபெயர்க்கக் கொடுத்தேன். வினை இதுவே. எல்லோரும் 'படிப்பைக் கைவிட்டான்' என்று எழுதினர். ஒருவன் மாத்திரம் 'விட்டுக்கொடுத்தான்' என்று எழுதியிருந்தான். முன்னையதிலே மூத்தவன்மேற் பழியின் சாயல் படிகின்றது. பின்னையதிலே அவன் பெருமை விளங்குகின்றது. ஆங்கில வாக்கியம் இரண்டுக்கும் இடங்கொடுத்து வாளா இருந்தது. தீர்ப்பளிக்கும் கடமை தமிழில் எழுதுவோனைச் சார்ந்தது.

அம்மாணவனை அழைத்துக் காரணம் வினவினேன். அவன் சிறிது நேரம் தலைகுனிந்து நின்றான். பின்பு, "என் அண்ணன் கடையிற் கணக்கெழுதுகின்றார், ஐயா" என்றான்.

அகராதி பொருள்களை வரிசைப்படுத்தித் தரும். அவற்றுள் எது தோல்வி, எது ஈகை என்பதை அது கூறமாட்டாது. அன்று அவ்வகுப்பிலே அதனைக் கற்றவன் நானே.