புலம்பலும் விசுவாசமே
கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் எருசலேம் பாபிலோனியர் கையில் வீழ்ந்தது, தேவாலயம் தீக்கிரையாயிற்று. அவ்விழப்பைப் பாடும் புலம்பல் நூலிலிருந்து, அடக்க ஆராதனைகளில் 3-ஆம் அதிகாரத்தின் நம்பிக்கை வசனங்களே பெரும்பாலும் வாசிக்கப்படுகின்றன. நூலின் அமைப்பை நாம் முழுமையாக நோக்குதல் வேண்டும். முதல் நான்கு அதிகாரங்களும் எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துக்களைத் தழுவி அமைந்தவை. 3-ஆம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்றாக 66 வசனங்கள் உள்ளன. துயரை முதலெழுத்து தொடங்கி இறுதியெழுத்து வரை சொல்லித் தீர்க்க இவ்வமைப்பு இடந்தருகிறது எனலாம். நம்பிக்கை நடுவில் ஒலித்த பின்னரும் புலம்பல் ஓய்வதில்லை. 5-ஆம் அதிகாரத்திலும் 22 வசனங்கள் உண்டு. ஆனால் எழுத்துவரிசை இல்லை. நூல், விடை பெறாத முறையீட்டோடு முடிகிறது.

ஆயினும் அம்முறையீடு கர்த்தரை நோக்கியே எழுகிறது. அவரிடமே வழக்காடுகிறவன் அவரை விட்டகன்றவன் அல்லன். எனவே, பிள்ளையை இழந்த தாய் “ஏன் ஆண்டவரே?” என்று கதறும்போது, “தேவ சித்தம்” என்று விரைந்து கூறி அவள் வாயை அடைக்காதிருப்போமாக. அவள் சொல்வதை இறுதிவரை கேட்போம். அவள் ஜெபிக்க இயலாத நாட்களில் அக்கேள்வியையே அவளுக்காகத் தேவசமுகத்தில் ஏறெடுப்போம். இதுவும் நம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட மேய்ப்புப் பணியாகும்.