ஞாயிற்றுக்கிழமை எங்கே போயிற்று?

போன ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். கல்யாண வீட்டு ரவிக்கை ஒன்றுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். டியூஷனிலிருந்து போன். "உங்க பொண்ணு மயங்கி விழுந்துட்டா, உடனே வாங்க!" ஆட்டோ கிடைப்பதற்குள் என் உயிர் என்னிடம் இல்லை.

நல்லவேளை, பயப்படும்படி ஒன்றுமில்லை. டாக்டரம்மா ரத்தம் பரிசோதித்தார். ஹீமோகுளோபின் 9 கிராம்தான். அந்த வயசுப் பெண்ணுக்கு 12-க்குக் குறையக் கூடாதாம். "காலையில் என்னம்மா சாப்பிட்டே?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஒரு டம்ளர் காபி, அவ்வளவுதான்.

சகோதரிகளே, உங்களிடம் மறைப்பானேன்? பெண் பிளஸ் டூ படிக்கிறாள். நீட் வகுப்பு ஞாயிறு காலை ஆறரைக்கு. மாதா கோயிலில் பூசையும் அதே நேரம். "சாமி கோவிச்சுக்க மாட்டாரு, மார்க் போனா வராது" என்று அவளை அனுப்பி வைத்ததே நான்தான். நான் மட்டும் என்ன ஒழுங்கு? பத்தாவதோடு நிறுத்தி, வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்தவள். முகூர்த்த மாதத்தில் ராத்திரி பதினொரு மணிவரை தைப்பேன். அவரோ அரிசி மில்லில் கணக்குப் பார்த்துவிட்டு எந்நேரம் வருவார் என்று சொல்ல முடியாது. சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னது எப்போது நின்றது என்றே ஞாபகமில்லை.

அன்றைக்கு மாமனார்தான் வாயைத் திறந்தார். அவருக்குச் சொந்த ஊர் மாயவரம், இப்போதைய மயிலாடுதுறை. "எங்க ஊர் முன்சீப்பைவிட உங்களுக்கு வேலை ஜாஸ்தியா?" என்றார்.

அவர் சொன்னது வேதநாயகம் பிள்ளையை. 1826-ல் திருச்சிக்குப் பக்கத்தில் குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர். தரங்கம்பாடி, சீர்காழி, மாயவரம் என்று நம் காவிரிக்கரை ஊர்களில் முன்சீப்பாக இருந்தவர். பகலெல்லாம் கோர்ட்டு வழக்கு. அதற்கு நடுவில் 1859-ல் 'நீதிநூல்', 1869-ல் பெண்களுக்காகவே 'பெண்மதி மாலை'. சைவப் புலவர் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு உயிர் சிநேகிதர். அவர் மேல் 'குளத்துக் கோவை' என்று ஒரு நூலே பாடினார். தாது வருஷப் பஞ்சத்தில் பிள்ளை தம் கைப்பணத்தைப் போட்டு ஏழைகளுக்குச் சோறு போட்டாராம். எல்லா மதத்தாரும் பாடும்படி அவர் செய்த 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' 1878-ல் வந்தது. இன்றும் கச்சேரிகளில் அவர் பாட்டுகளைப் பாடுகிறார்கள்.

"எல்லாம் சரி மாமா, அவர் வீட்டில் அடுப்படியில் நின்றது யாராம்?" என்று கேட்டுவிட்டேன். மாமா சிரித்துவிட்டார். கேட்க வேண்டிய கேள்விதானே அது? ஆண்பிள்ளைக்கு எழுதவும் ஜெபிக்கவும் நேரம் கிடைப்பது, யாரோ ஒருத்தி சோறு வடிப்பதால்தான்.

ஆனால் இன்னொரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. அவர் உத்தியோகத்தை விட்டது 1872-ல். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது 1879-ல். அப்போது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அதில் ஞானாம்பாள் என்ற பெண் ஆண் வேஷத்தில் ராஜ்யமே ஆளுகிறாள்! அவரை நாம் இன்றைக்கும் நினைப்பது அந்தப் புத்தகத்தால்தான். என் பெண்ணுக்கோ பதினேழு வயதுதான். இந்த மே மாதத்தோடு உலகம் முடிந்துவிடும் என்பதுபோல அவளை விரட்டிக்கொண்டிருந்தேன்.

டியூஷன் நேரத்தை மாற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் பங்கில் சனிக்கிழமை சாயங்காலப் பூசையும் உண்டு. அதற்குப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை மெஷினுக்கு உறை போட்டுவிடுகிறேன். இதனால் ஒரு கல்யாண வீட்டு ஆர்டர் கை நழுவியது. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். அவர் மட்டும், "போனால் போகட்டும்" என்றார். இப்போது காலை இட்லிக்கு மாவை ராத்திரியே அவர் எடுத்து வைக்கிறார், அதையும் எழுதிவிட வேண்டும்.

காபி இல்லாமல் அவள் வகுப்புக்குக் கிளம்புவதில்லை. ஆனால் இரண்டு இட்லியாவது உள்ளே போன பிறகுதான். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு கொடுக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். சத்து உடம்பில் ஒட்டாதாம். எலுமிச்சம்பழச் சாறு, நெல்லிக்காய் இவற்றோடு கொடுத்தால் நன்றாகச் சேருமாம். வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரை. முதலில் முகம் சுளித்தவள், அடையில் போட்டால் சாப்பிடுகிறாள்.

கார்த்திகையில் மறுபடி ரத்தம் பார்த்தோம். 11-ஐத் தொட்டிருக்கிறது. டியூஷன் பரீட்சையில் மார்க் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சாயங்காலம் ஜெபமாலை சொல்லும்போது மூன்றாவது பத்து மணிக்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுகிறாள். மாமா எழுப்பச் சொல்வார். நான் எழுப்புவதில்லை.