இல்லாத ஆட்டத்துக்கு ஓர் இசை

இல்லாத ஒரு படத்துக்குப் பின்னணி இசை எழுத முடியுமா? ஆர்னால்டு ஷோன்பெர்க் எழுதியிருக்கிறார். 1929-30இல் எழுதப்பட்ட அவரது 34ஆவது படைப்பின் பெயர் 'ஒரு திரைப்படக் காட்சிக்கான துணை இசை'. ஊமைப்படக் கொட்டகைகளுக்கு இசைத்தாள் அச்சடித்து விற்றுவந்த ஒரு ஜெர்மன் பதிப்பகத்துக்காக எழுதியது. ஆனால் அப்படி ஒரு படமும் கிடையாது, காட்சியும் கிடையாது. சூழ்ந்துவரும் ஆபத்து, அச்சம், பேரழிவு என்ற மூன்று குறிப்புகள் மட்டும்தான் கதை. 1933இல் நாஜிகள் அதிகாரத்துக்கு வந்தபோது யூதரான ஷோன்பெர்க் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. 1972இல் ழான்-மரி ஸ்ட்ராபும் தானியேல் உய்லேயும் அந்த இசையை வைத்து ஒரு குறும்படம் எடுத்தார்கள். சவப்பெட்டிகளில் கிடத்தப்பட்ட பாரிஸ் கம்யூன் போராளிகளின் புகைப்படம் அதில் வருகிறது. வியட்நாம்மீது குண்டு வீசும் அமெரிக்க விமானங்கள் வருகின்றன. இசையில் காலியாக விடப்பட்டிருந்த இடத்தை வரலாறு வந்து நிரப்பிக்கொண்டது.

இதை இப்போது நினைக்கக் காரணம் நண்பர் ஒருவர். இல்லாத ஒரு வீடியோ கேமுக்கு அவர் ஆர்கெஸ்ட்ரா இசை எழுதிக்கொண்டிருக்கிறார். கேமை உருவாக்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. அவர் மனசுக்குள் மட்டும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. களம் மேட்டூர். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அணை. நீர் தேங்கிய பரப்பில் ஊர்கள் முழுகின, ஜனங்கள் வெளியேறினார்கள். நீர்மட்டத்தின் உச்சம் 120 அடி. காவிரி வறண்டு மட்டம் இறங்கும் வருஷங்களில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். நண்பரின் ஆட்டத்தில் ஒருவர் அந்த நீரில் பரிசலில் சுற்றுகிறார். நீர் வற்றியதும் வெடித்த சேற்றில் நடந்துபோகிறார். சண்டை இல்லை, மதிப்பெண் இல்லை. போவதும் பார்ப்பதும்தான் ஆட்டம்.

முதல் துண்டைப் போட்டுக் காட்டினார். நாலு நிமிஷம். செல்லோக்கள் கீழே முனகுகின்றன. வயலின்கள் மெல்ல ஏறிவந்து, நந்தி தெரிய வேண்டிய இடத்தில் உடைகின்றன. கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. நந்தியை நான் இன்னும் பார்க்கவே இல்லை. அதற்குள் அழுது முடித்துவிட்டேன்.

சினிமாவில் காலம் எடிட்டரின் கையில் இருக்கிறது. ஒரு கதவு இந்த நொடியில் திறக்கும் என்றால் எல்லாக் கொட்டகைகளிலும் அதே நொடியில்தான் திறக்கும். இசையமைப்பாளர் அதற்கு அளவெடுத்துத் தைக்கலாம். வீடியோ கேமில் காலம் ஆடுபவரிடம் போய்விடுகிறது. அவர் ஓடலாம், வந்த வழியே திரும்பலாம், ஒரு படிக்கட்டில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கலாம். நண்பரின் வயலின்கள் உடையும்போது அவர் நந்திக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கலாம். நாலு நிமிஷம் முடிந்ததும் இசை மறுபடி முதலிலிருந்து வரும். மூன்றாவது தடவையில் அந்தத் துக்கம் ஹோட்டல் வரவேற்பறையில் ஓடுகிற இசை மாதிரி ஆகிவிடும். ஆரம்பம், நடு, முடிவு என்ற கதையாடல் ஒழுங்கு இங்கே செல்லாது.

அப்படியானால் எப்படி எழுதுவது? முக்கியமாக மூன்று உத்திகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, சுழல். 1978இல் ஜப்பானில் வெளிவந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கேமில் இசை என்பது இறங்குமுகமான நாலே ஸ்வரம். அதுவே திரும்பத் திரும்ப வரும். எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடும். பதற்றத்தை உண்டாக்குவது மெட்டு அல்ல, வேகம். வேகத்தைத் தீர்மானிப்பது ஆட்டத்தின் நிலவரம். இரண்டு, துண்டு மாறுதல். 1991இல் வெளிவந்த 'மங்கி ஐலண்ட் 2' கேமில் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் உருவாக்கிய 'ஐம்யூஸ்' என்ற முறை பயன்பட்டது. ஆடுபவர் ஓர் இடத்திலிருந்து இன்னொன்றுக்குள் நுழைந்ததும் இசை வெட்டுப்படுவதில்லை. தோதான ஓர் இடம் வரும்வரை காத்திருந்து, அங்கிருந்து அடுத்த இசைக்குள் இழைந்து போகும். மூன்று, அடுக்கு. ஒரே ஸ்ருதியில், ஒரே தாள அளவில் ஐந்தாறு தடங்கள் எழுதப்படும். எல்லாம் ஒருசேர ஓடிக்கொண்டிருக்கும். எந்தத் தடம் காதில் விழ வேண்டும் என்பதை அந்தந்த நேரத்து நிலைமை முடிவு செய்யும்.

நண்பரிடம் சொன்னேன்: உங்கள் ஆட்டத்தில் இசையை நடத்த வேண்டியது நீர்மட்டம்தான். 120 அடியில் டபுள் பேஸ் மட்டும், வில் திரும்புவது தெரியாமல், ஒரே ஸ்வரத்தை இழுத்துக்கொண்டிருக்கட்டும். மட்டம் இறங்க இறங்க செல்லோ சேரட்டும், பிறகு வயோலா. கோபுரத்தின் நுனி தெரியும்போது தூரத்தில் ஒரு ஹார்ன், மூச்சு விடுகிற அளவுக்கு. எந்த அடுக்கு வந்தாலும் போனாலும் மற்றவற்றோடு முரண்படக் கூடாது. அதனால் ஸ்வரக்கூட்டை அதிகம் நகர்த்தாமல் வைத்திருக்க வேண்டும். சூழலை உண்டாக்கும் இசையில் மெட்டு குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மெட்டு ஒரு வாக்கியம் மாதிரி, முற்றுப்புள்ளியை நோக்கிப் போவது. ஆடுபவர் நடுவிலேயே எழுந்து போய்விட்டால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். ஒலியின் நிறமும் அடர்த்தியும் அப்படி இல்லை. எங்கே விட்டாலும் அறுந்த மாதிரி தெரியாது.

இது வெறும் தொழில்நுட்ப சங்கதி இல்லை. 1947இல் ஹான்ஸ் ஐஸ்லர் பெயரில் வெளிவந்த, அடோர்னோவும் சேர்ந்து எழுதிய 'திரைப்படங்களுக்கு இசையமைத்தல்' நூல் ஹாலிவுட் இசையின் பழக்கங்களைக் கடுமையாக விமர்சித்தது. திரையில் தெரிவதையே இசையும் திருப்பிச் சொல்வது அவற்றில் ஒன்று. ஐஸ்லர் ஷோன்பெர்க்கின் மாணவர். கம்யூனிஸ்ட் வேட்டையில் சிக்கி 1948இல் அமெரிக்காவை விட்டு வெளியேற்றப்பட்டவர். பார்வையாளன் எதை உணர வேண்டும் என்று இசை முன்கூட்டியே தீர்மானிப்பதில் உள்ள அதிகாரத்தை அந்த நூல் வழியாகத்தான் நான் புரிந்துகொண்டேன். வீடியோ கேமில் அந்த அதிகாரம் தானாக ஒழிந்துவிடும் என்று நம்ப முடியாது. ஆடுபவருக்குச் சுதந்திரம் கொடுத்துவிட்டு, அவர் எங்கே போனாலும் அங்கே தயாராக ஓர் உணர்ச்சியை வைத்துக்கொண்டு காத்திருப்பது இன்னும் நுட்பமான அதிகாரம்.

இதற்கு மாறான ஒரு பிரதி 2005இல் வந்த 'ஷேடோ ஆஃப் த கொலோசஸ்'. இசை கோ ஓட்டானி. குதிரையில் அந்தப் பெருவெளியைக் கடக்கும்போது பெரும்பாலும் இசை கிடையாது, காற்றும் குளம்பொலியும்தான். 16 ராட்சத உருவங்களை ஒவ்வொன்றாகக் கொல்ல வேண்டும். சண்டையில் ஆர்கெஸ்ட்ரா பொங்கும். உருவம் சாய்ந்ததும் வெற்றி முழக்கத்தை எதிர்பார்க்கிறோம், வருவது இரங்கல். தன் கையே செய்த காரியத்தின் மேல் அந்த இரங்கல் விழுவதால், ஆடுபவருக்கு அது கட்டளையாக இல்லாமல் கேள்வியாக ஆகிறது.

அடுத்தது ஆர்கெஸ்ட்ரா. முழுகிய தமிழ் ஊருக்கு எதற்கு வயலின் கூட்டம்? துக்கம் என்றால் தந்தி வாத்தியம் என்பது ஹாலிவுட் உலகத்துக்கெல்லாம் பொதுவாக்கிய இலக்கணம். பொதுமை என்ற பெயரில் ஒரு மரபு மற்ற மரபுகளின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. 'சரி, பறையைச் சேர்த்துடலாமா?' என்றார் நண்பர். ஆர்கெஸ்ட்ரா மனிதகுலத்துக்காகப் பேசும், பறை மண்வாசனைக்காக எட்டு அடி அடித்துவிட்டுப் போகும் என்றால், அது சேரியை ஊருக்கு வெளியே வைத்த அதே ஏற்பாடுதான். பறை வருமானால் மற்ற அடுக்குகளின் தாள அளவை அதுவே தீர்மானிக்க வேண்டும்.

நண்பரின் ஆர்கெஸ்ட்ராவில் மனிதர்கள் யாரும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கோ ஒரு ஸ்டுடியோவில் வாத்தியக்காரர்கள் ஸ்வரம் ஸ்வரமாக வாசித்து, பதிவாகி, விலைக்கு வந்த ஒலித்தொகுப்பு அது. கட்டையைத் தொட்டால் அந்த வில் மறுபடி இழுக்கும். அதைப் பிடித்த கை களைக்காது. 'இந்த இடத்தில் இவ்வளவு அழுகை வேண்டாம் சார்' என்று சொல்லவும் செய்யாது.

இல்லாத ஆட்டத்துக்கு எழுதுவதில் ஒரு லாபம் உண்டு. ஆடுபவர் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை. முழுகிய ஊரின் அழகை ரசிக்க வருகிற ஒருவராக இருக்கலாம். வெளியேறியவர்களின் கொள்ளுப்பேத்தியாகவும் இருக்கலாம். முன்னவருக்கு அந்த நாலு நிமிஷம் போதும். கொள்ளுப்பேத்தி நந்தியைத் தாண்டி, வீட்டில் சொல்லிக் கேட்ட ஒரு களத்துமேட்டைத் தேடிக்கொண்டு போகலாம். அவளுக்கு வருவது துக்கமாக இல்லாமல் கோபமாக இருக்கலாம். அப்போது வயலின்கள் அவளுக்காக அழ ஆரம்பித்தால், அவள் எங்கே போய் நிற்பாள்?

நண்பர் இப்போது நந்தி இருக்கும் இடத்திலிருந்து இசையை எடுத்துவிட்டார். காலடியில் சேற்றுப் பொருக்கு நொறுங்கும் ஓசை மட்டும். ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. 'இசை இல்லேன்னா ஆடுறவர் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பிச்சிடுவார்' என்கிறார். பார்க்கட்டுமே என்கிறேன். அந்தப் பழைய துண்டை அவர் அழிக்கவில்லை. இன்னொரு தடவை வாங்கிக் கேட்டேன். இப்பவும் கண் கலங்கத்தான் செய்கிறது. அதை எங்கே வைப்பது என்பதில் எங்களுக்குள் தகராறு தீரவில்லை.