நெடுநாள் நின்ற மோட்டார் வண்டி

ஓடுகின்ற யந்திரம் தேயும் என்பதை யாவரும் அறிவர். ஓடாது நிற்கின்ற யந்திரமும் கெடும் என்பதை உணர்ந்தோர் சிலரே. கொட்டகையின் ஒரு மூலையில் இருபது முப்பது ஆண்டுகள் கிடந்த மோட்டார் வண்டியைக் காண்போர், “ஓடித் தேயாத வண்டியாயிற்றே! புதிய பேட்டரி ஒன்றை வைத்துச் சிறிது பெட்ரோல் ஊற்றினால் புறப்பட்டுவிடும்” என்று எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணமே அத்தகைய வண்டிகள் பலவற்றிற்கு யமனாய் முடிகின்றது. நெடுநாள் நின்ற வண்டியை எம்முறையில் எழுப்புதல் வேண்டும், அம்முறைக்குக் காரணம் யாது என்னும் இரண்டையும் ஈண்டு ஒருவாறு கூறுவோம்.

வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி முதலிய ஊர்களைச் சார்ந்த நமக்கு இதனை விளக்க வேற்றூர் உவமை வேண்டுவதில்லை. தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு உப்பிட்டோ உலர்த்தியோ வந்து சேரும் பச்சைத் தோலை எவரும் வந்த அன்றே பதனிடுவதில்லை. முதற்கண் அதனை நீரில் ஊறவைத்து, இழந்த மென்மையை மீட்பர். பின்னரே சுண்ணாம்பிடுதல், மயிர் களைதல், சதை நீக்குதல், சுண்ணாம்பு போக்குதல், பதனிடுதல் என்பன ஒன்றன்பின் ஒன்றாக நிகழும். உலர்ந்த தோலை ஊறவைக்குமுன் வலிந்து மடித்தால் அது வெடிக்கும்; அவ்வெடிப்பைப் பின்வரும் எத்தொழிலாலும் போக்குதல் இயலாது. நெடுநாள் நின்ற எஞ்சினும் இத்தன்மையதே. அதற்கும் ஊறும் காலம் ஒன்று உண்டு.

இனி, எவ்வண்டியை உதாரணமாகக் கொள்வோம்? நம் மாகாணத்திலேயே பிறந்த ஒன்று இருக்கப் பிறிதொன்றைத் தேடுவானேன்? 1948-இல் சென்னையில் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் சிறு காரைச் செய்து விற்றது. இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய உருவம் அது. அதன் வடிவை வகுத்தவர் ஜியோவன்னி மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கியமைத்தே 1962-இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் அமரும் பந்தயச் சாயல் வண்டி செய்யப்பட்டது. ஆகவே ஹெரால்டைப் பழுது பார்க்கக் கற்றவர் அவ்வண்டியின் உள்ளமைப்பையும் பெரும்பாலும் அறிந்தவராவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத் தளமான சோழவரத்தில் பிற்காலத்தே நடைபெற்ற மோட்டார்ப் பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின. அக்கம்பெனி 1988-இல் கார் செய்வதை நிறுத்திவிட்டது. ஆதலின் இன்று ஒரு ஹெரால்டு உடைந்தால் அதற்கு ஈடாகப் புதியதொன்று எத்தொழிற்சாலையிலிருந்தும் வாராது. அவசரம் இங்கே விலையுயர்ந்ததாவது இக்காரணத்தினாலேயே.

முதல் வேலை, வண்டியைத் தொடாது பார்த்தல். எலிகள் மின்கம்பிகளின் மேலுறையைக் கடித்திருக்கும். காற்று வடிகட்டியிலும் புகைக்குழாயிலும் கூடு கட்டியிருக்கும். பாம்பு தங்குதலும் அரிதன்று. ஆகையால் கையைவிடுமுன் விளக்கைப் பிடித்துப் பார்க்க. ஹெரால்டின் முன்மூடி முழுவதும் முன்னோக்கிச் சாய்வதாகலின் இவ்வாராய்ச்சி எளிது. அடிச்சட்டத்தையும் ஓர் ஊசியால் குத்திப் பார்த்தல் வேண்டும். சட்டம் துருவால் அரிக்கப்பட்டிருப்பின் எஞ்சினை எழுப்பிப் பயனில்லை. வண்டியை ஜாக்கியால் உயர்த்தியபின் உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தாது அதன் அடியில் ஒருவரும் புகலாகாது.

இனி எஞ்சினுக்கு வருவோம். எஞ்சின் நின்றவிடத்தில் ஏதேனும் ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தே நிற்கும். அவ்வழியே மழைக்காலத்து ஈரக் காற்று உட்புகும். சிலிண்டர்ச் சுவரைப் போர்த்தியிருந்த எண்ணெய்ப் படலமோ நாளடைவில் கீழே வடிந்துவிடும். அப்பால் பிஸ்டனைச் சுற்றியுள்ள வார்ப்பிரும்பு வளையங்களும் சுவரும் துருவால் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். இந்நிலையில் புதிய பேட்டரியின் வலிமையால் எஞ்சினைச் சுழற்றினால் வளையம் முறியும். துருத்துகள் சுவரைக் கீறும். ஒட்டிக்கொண்ட வால்வைத் தள்ள முயன்று தள்ளுகோல் வளையும். வேறொரு வண்டியில் கட்டி இழுத்துப் பார்ப்பது இதனினும் கொடிது.

செய்யத்தக்கது யாதெனின்: நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் துருவிளக்கும் மெல்லிய எண்ணெய் இரண்டொரு கரண்டி ஊற்றி விட்டுவிடுதல். ஒரு நாளில் அன்று, ஒரு வாரம் ஊறட்டும். இடையிடையே மேலும் சிறிது ஊற்றுக. பின்னர்க் கிராங்க் தண்டின் முன்முனையிலுள்ள மரையாணியில் ஸ்பானரைப் பொருத்திக் கையால் மெல்ல அசைத்துப் பார்க்க. கையால் சுழலாததை மின்சாரத்தால் சுழற்ற முயலற்க. இவ்வொரு விதியை நினைவிற் கொண்டால் போதும்; பாதி வண்டி பிழைத்துவிடும். சிறிது அசைந்தால் முன்னும் பின்னுமாக ஆட்டி, வழி விட்ட அளவே செல்க. வாரக்கணக்கில் ஊறியும் அசையாததாயின், மேல்மூடியாகிய சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பதே நேரிய வழி.

எஞ்சின் ஊறும் நாட்கள் வீணாகும் நாட்களல்ல. அந்நாட்களில் பிரேக்கைக் கவனிக்க வேண்டும். பலர் எஞ்சின் முழங்கிய பின்னரே பிரேக்கை நினைக்கின்றனர். ஓடும் வல்லமை பெற்ற வண்டி நிற்கும் வல்லமை பெறாதிருப்பின் அது பிறர் உயிருக்கும் கேடு சூழும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. அவ்வீரம் உலோகக் குழாயையும் சக்கரங்களின்கண் உள்ள சிறு சிலிண்டர்களையும் உள்ளிருந்தே அரிக்கும். ரப்பர்க் கிண்ணங்கள் இறுகிப் பிளக்கும். பழைய ஹெரால்டில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவத் தொடர்பு அமைந்திருத்தலின், ஓரிடத்தில் ஒழுகினும் கால் பிரேக் முழுவதும் பயனற்றதாகும். ஆகவே ரப்பர் உறுப்புகளையும் வளைகுழாய்களையும் ஐயமின்றி மாற்றிவிடுக. திரவத்திற்குப் பதிலாக எஞ்சின் எண்ணெயை ஊற்றுதல் பெரும் பிழை. ரப்பர் வீங்கிப் பிரேக் பிடித்துக்கொள்ளும். டயரும் இவ்வாறே: பள்ளங்கள் ஆழமாய்த் தோன்றினும் ரப்பர் ஆண்டுகளால் மூப்படையும். 2000-க்குப் பின் செய்த டயர்களில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களுள் முன்னிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் காட்டும்.

அடுத்தது பெட்ரோல். தொட்டியில் நின்ற பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகப் போய்விட, எஞ்சியது பிசினாக இறுகிக் கார்பரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். தொட்டியின் உட்புறமோ துருவேறியிருக்கும். பழைய பெட்ரோலை வெட்டவெளியில், நெருப்பணுகாவண்ணம் வடித்துவிட்டுத் தொட்டியையும் குழாய்களையும் தூய்மை செய்க. இக்காலத்தில் மற்றுமொரு செய்தி கருதத்தக்கது. இந்தியாவில் இன்று விற்கும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரையில் எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் பழைய ரப்பரைக் கரைத்து இளக்கும், நீரையும் ஈர்க்கும். 1961-இல் செய்த குழாய் அதற்கென அமைக்கப்பட்டதன்று. ஆதலின் குழாய்கள், பம்பின் மெல்லிய தோற்படலம் முதலியவற்றை எத்தனாலைத் தாங்கும் வகையினவாக மாற்றுதல் நன்று. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரி முதல் இந்தியாவெங்கும் நிறுத்தப்பட்டது. பழைய எஞ்சின்களில் புகைவால்வின் இருக்கைக்கு அவ்வீயமே காவலாயிருந்தது. ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் அப்பொழுதே கடினமான இருக்கை வளையங்களைப் பொருத்திவிடலாம்.

ரேடியேட்டரைப் பற்றி நம் பகுதியினர் சிறப்பாக அறிய வேண்டுவதொன்று உண்டு. பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் பலவிடங்களில் உப்பேறியது. தொழிற்சாலைக் கழிவால் அந்நீர் கெட்டதைப் பற்றியே வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றினால், கொதிகலத்தில் படிவதுபோல் சுண்ணப்படிவு குழல்களை அடைப்பதோடு, உப்பு உலோகத்தையும் அரிக்கும். பழைய துருச்சேற்றைக் கழுவிப் போக்கிய பின், வாலைவடி நீரையே துருத்தடுக்கும் மருந்தோடு கலந்து ஊற்றுக.

எஞ்சின் கையால் தடையின்றிச் சுழலத் தொடங்கியபின், பழைய எண்ணெயை வடித்து வடிகட்டியை மாற்றிப் புதிய எண்ணெய் ஊற்றுக. இதன்மேல்தான் பேட்டரிக்கு இடம். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே உடற்சட்டத்தோடு இணைந்திருக்கும். இதனை ஆராயாது இணைத்தல் கூடாது. பிளக்குகள் இல்லாமலே செல்ஃப் ஸ்டார்ட்டரால் சிறிது சிறிதாகச் சுழற்றி, எண்ணெய் மேலேறி ஆடுகரங்களை நனைக்கின்றதா என்று பார்க்க. அதன்பின் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்டுகளைத் துடைத்து இடைவெளியைச் சரி செய்து, பிளக்குகளைப் பொருத்தி, ஹெரால்டாயின் 1, 3, 4, 2 என்னும் வரிசையில் கம்பிகளை இணைக்க.

எஞ்சின் உயிர்பெற்ற கணத்தில் உவகையால் வேகமிதியை அழுத்துதல் தகாது. மெல்லென ஓடவிட்டு, எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் விளக்கு அணைந்ததா என்பதையே முதலில் நோக்குக. சில நொடிகளில் அணையாவிடின் உடனே நிறுத்துக. தீயணைக்கும் கருவி அருகில் இருத்தல் இன்றியமையாதது. கதவு சாத்திய கொட்டகையில் எஞ்சினை ஓட்டாதீர். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமின்றியே கொல்லும். சில மணி நேரம் ஓடிய அளவிலேயே எண்ணெயை மீட்டும் மாற்றுக. உள்ளே கரைந்த அழுக்கு அதனோடு வெளியேறும்.

தோலிருக்கை அமைந்த வண்டியாயின் அதற்கும் நம் ஊர்த்தொழில் வழிகாட்டும். பதனிட்ட தோலுக்கு மென்மை தருவது இழைகளினூடே ஏற்றிய கொழுப்பு. கோடை வெயிலில் ஆண்டுகள் பல கிடந்த தோல் அதனை இழந்து இறுகும். ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளால் பதனிட்டது, குரோமியத்தால் பதனிட்டதைக் காட்டிலும் குறைந்த வெப்பத்திலேயே சுருங்கும். ஆகையால் வெந்நீரும் வெயிலும் விலக்கத்தக்கன. ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, தோலுக்குரிய குழைவைப் பன்முறை மெல்லிதாகத் தேய்க்க. அதுவரையில் அவ்விருக்கையில் ஒருவரும் அமரலாகாது. உலர்ந்த தோல் மடிந்தவிடத்தே வெடிக்கும்.

வண்டி ஆயத்தமானபின்னும் பாதையில் இறங்குமுன் சட்டத்தை நோக்குதல் கடன். 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவு செய்து 50 ஆண்டுகள் கடந்து, மூல அமைப்பு மாறாது காக்கப்பெற்ற வண்டியைத் தொன்மை வண்டியாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000 என்றும், பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும் என்றும், புதுப்பித்தற்கு ரூ. 5,000 என்றும் அவ்விதிகள் வகுத்தன. அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, தொன்மை வண்டிகளின் அணிவகுப்பு, பழுது பார்த்தல் போன்றவற்றிற்கு ஓட்டலாமேயன்றி அன்றாடப் போக்குவரவுக்கு ஓட்டலாகாது. மூல அமைப்பு மாறாதிருத்தலே இவ்வுரிமைக்கு அடிப்படை. ஆதலின் கிடைத்த புதிய எஞ்சினைப் பொருத்திவிடுவோம் என்று எண்ணுவோர், வண்டியின் பெருமையோடு அவ்வுரிமையையும் இழக்க நேரும்.

மாணவ நண்பர்களே! கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதனை ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி மீட்டும் பூட்டியே யந்திரக் கல்வி பயின்றார். நுங்கள் உறவினர் கொட்டகையில் இத்தகைய வண்டி கிடப்பின், அது நுங்கட்கு ஒரு கல்விச்சாலை. கழற்றிய ஒவ்வோர் உறுப்பையும் படம் பிடித்து, பெயர் எழுதித் தனித்தனிப் பெட்டியில் வைத்துத் தொடங்குக. பதறாத காரியம் சிதறாது என்பர் நம் பெரியோர். முப்பது ஆண்டு பொறுத்த வண்டி இன்னும் ஒரு திங்கள் பொறுக்கும். அத்திங்களைப் பொறாதவர் கையில் மட்டுமே அது மாளும்.